திட்டு வாங்குவோர் நாற்காலி

கோபமாகப் பாட விரும்புகிறவர்கள் காலை பத்து மணிக்குள் வந்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று வாசலில் ஒரு பலகை மாட்டியிருந்தது. அதற்குப் பிறகு வருகிறவர்களின் கோபம் மறுநாள்தான் எடுத்துக்கொள்ளப்படும்.

அது புது இசை மதிப்புரை வாரியம். பங்க் என்றும் ஆல்டர்நேட்டிவ் ராக் என்றும் சொல்லிக்கொண்டு கிட்டாரும் டிரம்ஸுமாகப் புதிதாகக் கிளம்புகிற குழுக்களின் பாட்டுகளைக் கேட்டு, நாலு வரி மதிப்புரை எழுதி, தன் வாரப் பத்திரிகையில் போடுவது அதன் வேலை. நாலு வரிதானே என்று இளக்காரமாக நினைத்துவிடக் கூடாது. அந்த நாலு வரி வராத குழுவுக்கு நகரத்தில் எந்த மண்டபக்காரரும் கதவைத் திறக்க மாட்டார். "நாங்க எதையும் தடை பண்றதே இல்ல. எழுதறோம், இல்லேன்னா எழுதாம விட்டுடறோம். மிச்சத்தை மண்டபக்காரங்களே பாத்துக்கறாங்க. சுதந்திரம்னா அதுதானே?" என்று தலைவர் பெருமையாகச் சொல்வார்.

அங்கே கேட்பு அலுவலராக இருந்தவருக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. வந்த அன்றே அதை எல்லோரிடமும் சொல்லிவிட்டார். யாரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன் அவர் போக்குவரத்துத் துறையில் லாரி ஹாரன்களின் சத்தத்தை அளந்துகொண்டிருந்தவர். "சத்தத்தில் அனுபவம் உள்ளவர்" என்று மேலிடத்தில் யாரோ குறிப்பெழுத, மனிதர் இங்கே வந்து விழுந்தார். ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் பங்க் என்றால் என்ன என்று யாரைப் போய்க் கேட்பது? கூச்சத்தை விட்டு வாரியத்தின் தாள நிபுணரைக் கேட்டார்.

"கோபம் சார். வேகமா வர்ற கோபம். நம்ம வேலை அதைக் கொஞ்சம் மெதுவாக்குறது" என்றார் நிபுணர். அவர் எந்தப் பாட்டுக்கும் பேனாவால் மேசையில் தட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் "அவசரத்தைத் தவிர்க்கலாம்" என்று எழுதுவார். அவர் எழுதி யாரும் வேறு எதையும் பார்த்ததில்லை.

கேட்பு அலுவலரின் வேலை, குழு பதிவு செய்து கொண்டுவந்த பாட்டை ஓட விட்டு வால்யூம் குமிழைப் பிடித்துக்கொண்டிருப்பது. குமிழில் ஒரு சிவப்புக் கோடு ஒட்டியிருந்தது. அதைத் தாண்டக் கூடாது. பக்கத்து அறை பென்ஷன் அலுவலகம். அங்கே வருகிற பெரியவர்களுக்கு நெஞ்சு படபடக்கிறது என்று புகார் வந்ததிலிருந்து அந்த ஏற்பாடு. சிவப்புக் கோட்டுக்குக் கீழே வைத்துக் கேட்டால், எப்பேர்ப்பட்ட பாட்டும் பக்கத்து வீட்டுக் குளியலறையில் யாரோ யாரையோ கோபித்துக்கொள்வது மாதிரிதான் இருக்கும். பாட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதே விளங்காது. அதனால் முதலில் செயலாளர் அம்மா வரிகளை வாசித்துவிடுவார். நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிக்கிற அதே குரலில் வாசிப்பார். நியாயமான பெண்மணி. எல்லா வரிகளையும் ஒரே மாதிரிதான் நடத்துவார்.

இதெல்லாம் எல்லா அலுவலகத்திலும் உள்ளதுதான். வாரியத்துக்கென்று தனியாக ஒன்று இருந்தது. அதுதான் நாற்காலி.

ஒரு பாட்டு யாரைத் திட்டுகிறதோ, அவர் அந்த அறையில் உட்கார்ந்து அதைக் கேட்டாக வேண்டும். இது தலைவரே யோசித்துக் கண்டுபிடித்த விதி. "முதுகுக்குப் பின்னாடி திட்டறது நிர்வாகத்தோட உரிமை. கலைஞன் நேருக்கு நேர்தான் திட்டணும்" என்று தொடக்க விழாவில் பேசினார், கைதட்டலும் வாங்கினார். அதற்காகக் கை வைத்த, மெத்தை போட்ட நாற்காலி ஒன்று வாங்கப்பட்டது. திட்டு வாங்குகிறவர் சௌகரியமாக இருக்க வேண்டாமா? பாடியவர்கள் வெளியே நடையில், கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். பாட்டு முடிந்ததும் தலைவர் நாற்காலியைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"வலித்ததா?"

வலித்தது என்றால் குடிமகனுக்குக் காயம், மதிப்புரை கிடையாது. வலிக்கவில்லை என்றால் பாட்டில் கோபம் போதவில்லை, மேல் மாடியில் உள்ள மெல்லிசைப் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். மேல் மாடிக்குப் போன எந்த பங்க் குழுவும் பங்க் குழுவாக இறங்கி வந்ததில்லை.

இப்படியே சில மாதங்கள் ஒரு குழுவும் தேறாமல் போய்க்கொண்டிருந்தது. தலைவருக்கு அதில் வருத்தம்தான், தரம் குறைந்துவிட்டதே என்று. அப்புறம் ஒரு நாள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர் வந்தார். அவரிடம் கற்றுக்கொண்ட பெண்ணே அவரைத் திட்டிப் பாட்டு எழுதியிருந்தாள். மனிதர் முழுவதும் கேட்டார். "வலித்ததா?" என்றதும் கொஞ்சம் யோசித்து, "வலிச்சது, ஆனா பரவாயில்ல" என்றார்.

தலைவர் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "கோபமும் இருக்கு, சேதாரமும் இல்ல. இத்தனை நாளா நாம தேடின கலை இதுதான்!" என்றார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர்.

அன்றிலிருந்து அது எழுதாத விதியாகிவிட்டது. 'வலித்தது, பரவாயில்லை.' நகரத்தில் கிட்டார் வைத்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் அது தெரியும். திட்டு வாங்க வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. அவர்களை நடையிலிருந்து உள்ளே அழைத்து வரும்போது கேட்பு அலுவலர் காதோரம் சொல்லிவிடுவார். அப்படிச் சொல்ல அவருக்கு யாரும் உத்தரவு போடவில்லை. பெஞ்சில் நகம் கடித்துக்கொண்டிருக்கிற பிள்ளைகளைப் பார்த்தால் அவருக்குப் பாவமாக இருக்கும், அவ்வளவுதான்.

ஆனால் தேறிய பாட்டுகளைப் பார்த்தாலும் அவருக்குப் பாவமாகத்தான் இருந்தது. 'துருப்பிடித்த ஆணி' என்று ஒரு குழு தன் வீட்டுக்காரரைத் திட்டியது. குழாய் ஒழுகுகிறது, கூரை ஒழுகுகிறது, நீ மட்டும் காய்ந்த இடத்தில் தூங்குகிறாய் என்று பாட்டு. வீட்டுக்காரர் வந்தார், கேட்டார், "வலிச்சது, பரவாயில்ல. ஆனா குழாயைப் போன மாசமே சரி பண்ணிட்டேனே, அதையும் பாட்டுல சேத்துடட்டும்" என்றார். நியாயம்தானே என்றது வாரியம். இப்போது அந்தப் பாட்டு, பிளம்பர் வந்து போன செய்தியோடு முடிகிறது. பிள்ளைகள் மதிப்புரையை வாங்கிக்கொண்டு படியிறங்கிப் போனார்கள்.

இன்னொரு குழு உலகத்தைத் திட்டியது. நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று வாரியம் இரண்டு கூட்டம் நடத்திப் பேசியது. முடிவில் உலகத்தின் சார்பாக ஒரு பூகோள ஆசிரியரை வரவழைத்தார்கள். அவர் கேட்டுவிட்டு, "எனக்கு ஒண்ணும் வலிக்கலீங்க. ஆனா மழைக்காடு பத்தின வரி தப்பு" என்றார். மேல் மாடி.

வாரியத்தையே திட்டி ஒரு பாட்டு வந்தபோது கேட்பு அலுவலர் பயந்து குமிழை இன்னும் கொஞ்சம் இறக்கி வைத்தார். தலைவரோ உற்சாகமாக எழுந்து வந்து, தானே நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"கொஞ்சம்கூட வலிக்கல! இவ்வளவு அன்பா யாரும் என்னைக் கவனிச்சதே இல்ல. பாருங்க, என் செருப்பைப் பத்திக்கூட ஒரு வரி இருக்கு. நல்ல பசங்க. மெல்லிசைக்கு அனுப்புங்க."

அந்தப் பசங்கள் இப்போது கல்யாண வரவேற்புகளில் வாசிக்கிறார்கள் என்று கேள்வி.

அன்றிரவு கேட்பு அலுவலருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நாம் என்ன வேலை செய்கிறோம் என்ற உறுத்தல். சொல்வதற்கு ஆளில்லை. வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். மனைவி இறந்துபோன பிறகு இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் இடைஞ்சல் இல்லாமல் மரியாதையாக வாழப் பழகியிருந்தார்கள். அவள் அறைக் கதவு மூடியிருக்கும். அவள் கிட்டார் வாசிக்கிறாள் என்பது தெரியும். என்ன வாசிக்கிறாள் என்று அவர் கேட்டதில்லை. நாள் முழுக்கக் கேட்பதுதான் வேலை, வீட்டிலுமா என்று இருந்திருக்கலாம். அல்லது கேட்கப் பயமோ என்னவோ.

மறுவாரம் ஒரு நாள் காலை, செயலாளர் அம்மா அன்றைய வரிசையைச் சொன்னார்.

"முதல்ல 'மூணாவது மாடி'. நாலு பேர் குழு. சனிக்கிழமை பழைய பஸ் டிப்போல பெரிய நிகழ்ச்சி இருக்காம். வெளியூர்லேர்ந்து ஆள் வந்து, பிடிச்ச குழுவை ஊர் ஊரா கூட்டிட்டுப் போறாங்களாம். மதிப்புரை இல்லாம மேடை கிடையாது. திட்டப்படுபவர், பாடகியோட அப்பா. கூப்பிடுங்க."

கேட்பு அலுவலர் கண்ணாடிக் கதவைத் திறந்து நடையில் தலையை நீட்டினார்.

"பாடகியோட அப்பா யாருங்க? உள்ள வாங்க."

யாரும் எழுந்திருக்கவில்லை. பெஞ்சில் ஒரு கைக்குழந்தைக்காரி, இரண்டு டாக்ஸி டிரைவர்கள், தலைமுடியை நீலமாக்கிய ஒரு பையன், அவனோடு இன்னும் இரண்டு பையன்கள். அவர் இன்னும் கொஞ்சம் சத்தமாக, "பாடகியோட அப்பா வந்திருக்காரா?" என்றார்.

"வந்திருக்காரு" என்றது ஒரு குரல். தூணுக்குப் பின்னாலிருந்து கிட்டார் பையோடு அவர் மகள் வந்தாள். "நீங்கதான்பா."

வெளியூர் போய்விட்ட பெண்ணைத் திடீரென்று தெருவில் பார்த்தது மாதிரி அவளைப் பார்த்தார்.

"என்கிட்ட சொல்லவே இல்லியேம்மா."

"எப்படியும் நீங்க இங்கதானே இருப்பீங்க." தரையைப் பார்த்தபடி சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "என்ன சொல்லணும்னு உங்களுக்கே தெரியும்பா. எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கறீங்களாமே. சனிக்கிழமையை விட்டா இவங்க மூணு பேரும் ஆளுக்கொரு வேலைக்குப் போயிடுவாங்க. அப்புறம் குழுவே கிடையாது."

"அங்கிள், ப்ளீஸ்" என்றான் நீலத்தலைப் பையன். அவன்தான் டிரம்ஸ் போலிருக்கிறது.

"நான் பாத்துக்கறேன். நீ கவலைப்படாதே" என்றார் அப்பா.

விஷயம் தெரிந்ததும் தலைவர் கொஞ்சம் யோசித்தார். அலுவலரே திட்டு வாங்குபவராக வந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை. ஆனால் தலைவர் விதி இல்லாததற்கெல்லாம் அயர்கிற ஆள் இல்லை.

"ஒண்ணும் சிக்கல் இல்ல. குமிழைப் பிடிக்கிறப்போ நீங்க அலுவலர். நாற்காலில உக்கார்றப்போ அப்பா. ரெண்டு பேரும் ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்கக் கூடாது, அவ்வளவுதான்."

நாற்காலியைக் குமிழுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போட்டார்கள். செயலாளர் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு வரிகளை வாசித்தார்.

"அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்த அன்னைக்கு, எப்படி இருக்கீங்கன்னு எதிர்வீட்டுக்காரர் கேட்டார். பரவாயில்லன்னு சொன்னே. நான் உன் கதவைத் தட்டினேன். தூக்கம் வரலைன்னு சொன்னேன். பரவாயில்லன்னு சொல்லி விளக்கை அணைச்சே. அம்மா புடவையை எல்லாம் யாருக்கோ குடுத்தே. எனக்கு ஒண்ணு வேணும்னு அழுதேன். பரவாயில்ல. பரவாயில்ல. பரவா..." அவர் நிமிர்ந்தார். "சார், இந்த வார்த்தை இந்தப் பக்கம் முழுக்க வருது. அத்தனையும் வாசிக்கணுமா?"

"வேண்டாம். வாசிச்சதா வச்சுக்குவோம்" என்றார் தலைவர்.

அந்தக் குரலில் கேட்கும்போது கேட்பு அலுவலருக்கு ஒன்றும் ஆகவில்லை. யாரோ ஒரு வீட்டில் நடந்ததுபோல இருந்தது. அப்படியா செய்தேன் என்று மட்டும் நினைத்தார். செய்திருக்கலாம். அந்த நாட்களில் அவர் விழாமல் நின்றால் போதும் என்று நின்றுகொண்டிருந்தார்.

பாட்டை ஓட விட்டார். வழக்கம்போல் குளியலறைச் சண்டை. தாள நிபுணர் பேனாவால் தட்ட ஆரம்பித்து, பிடிபடாமல் விட்டுவிட்டார். கிட்டார் எங்கோ தகரத்தைத் தேய்த்தது. அதற்குள் ஒரு குரல். அது அவருக்குத் தெரிந்த குரல், ஆனால் இந்த மாதிரி கேட்டதே இல்லை. என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை. அவர் காதை ஸ்பீக்கர் பெட்டியருகே கொண்டுபோனார். அப்போதும் கேட்கவில்லை. என் பெண் தொண்டை கிழியக் கத்துகிறாள், எனக்குக் கேட்கவில்லையே என்று அவருக்குப் பதற்றம் வந்துவிட்டது. குமிழைத் திருப்பினார். சிவப்புக் கோடு வந்தது. தாண்டித் திருப்பினார்.

அறை அதிர்ந்தது. செயலாளர் அம்மா கையிலிருந்த டம்ளர் தண்ணீர் மடியில் கொட்டியது. பென்ஷன் அலுவலகத்தில் சுவரைத் தடதடவென்று தட்டினார்கள். "யோவ், என்னய்யா பண்றே!" என்று தலைவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பாட்டில் அவள் 'பரவாயில்ல, பரவாயில்ல' என்று அலறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி. ஒரு தடவை கிண்டலாக, ஒரு தடவை கெஞ்சலாக, ஒரு தடவை சின்னக் குழந்தை மாதிரி. கடைசியில் கிட்டாரும் டிரம்ஸும் நின்றுபோய், அவள் குரல் மட்டும் கம்மிப்போய், 'எனக்கு இல்லப்பா' என்றது.

பாட்டு முடிந்தது. சுவரைத் தட்டுவது மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் தொடர்ந்தது.

தலைவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். பெருந்தன்மையாகப் புன்னகைக்க முயன்றார்.

"குமிழ் விஷயத்தை அலுவலர்கிட்ட அப்புறம் பேசிக்கறேன். இப்ப அப்பாகிட்ட கேக்கறேன். வலித்ததா?"

"வலிச்சது."

"ம். வலிச்சது..." தலைவர் காத்திருந்தார். தாள நிபுணரும் காத்திருந்தார். "சொல்லுங்க. ஒரே ஒரு வார்த்தை பாக்கி இருக்கு. உங்களுக்கா சொல்லித் தரணும்?"

கேட்பு அலுவலர் கதவைப் பார்த்தார். கண்ணாடியில் நெற்றியை ஒட்டவைத்துக்கொண்டு மகள் நின்றாள். அவள் உதடு அந்த வார்த்தையைச் சத்தமில்லாமல் சொல்லிக் காட்டியது. 'ப-ர-வா-யி-ல்ல.' சொல்லுங்கப்பா என்று கண்ணால் கெஞ்சினாள். நீலத்தலைப் பையன் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தார். அவ்வளவு சுலபமான வார்த்தை. எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அன்றைக்குக் கதவுக்கு வெளியே தலையணையோடு நின்றவளின் முகம் இப்போதுதான் அவருக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அன்று விளக்கை அணைக்கும்போது அவர் அதைப் பார்க்கவே இல்லை. அவர் அழுதார். மெத்தை போட்ட நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அலுவலகம் என்றும் பார்க்காமல், வாய்விட்டு அழுதார்.

"வரமாட்டேங்குது சார்" என்றார்.

தலைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவரால் சகிக்க முடியாதது அதுதான்.

"பாருங்கம்மா, இதுக்குத்தான் நான் குமிழ்ல கோடு ஒட்டச் சொன்னேன்" என்றார் செயலாளர் அம்மாவிடம். "எழுதிக்கங்க. பாட்டு நல்லா இருக்கு, தேவைக்கு மேல. கேட்ட குடிமகனுக்குக் காயம். ஆகவே வாரியம் கருத்து ஏதும் சொல்ல விரும்பல. கலை மனுஷனை அழ வைக்கலாம், தப்பில்ல. ஆனா பத்து மணிக்கு மேல அஞ்சு மணிக்குள்ள, அலுவலக வளாகத்துல வைக்கக் கூடாது. அடுத்த டோக்கன்."

தாள நிபுணரும் தன் வரியை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேட்பு அலுவலர் நடைக்கு வந்தபோது மூன்று பையன்களும் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். நீலத்தலைக்காரன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மகள் மட்டும் பெஞ்சருகே நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"இத்தனை வருஷமா எல்லாத்துக்கும் அதையேதானேப்பா சொன்னீங்க! சொல்லாதீங்கன்னு நான் பாட்டே எழுதினேன். இன்னிக்கு ஒரே ஒரு நாள், எனக்காக, சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் பாத்தேம்மா. வரல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"சனிக்கிழமை போச்சுப்பா. குழுவும் போச்சு. எல்லாம் போச்சு."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஆமாம்மா, போச்சு. என்னாலதான் போச்சு" என்றார். அதற்கு மேல் ஆறுதலாக எதுவும் சொல்லவில்லை. அவள் அவர் தோளில் முகத்தை வைத்து, நடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி அழ ஆரம்பித்தாள்.